முப்பத்தொன்பது நிமிடத்தில் பெல்கிரேடு

திமிஷ்வாரா,
டிசம்பர் 9.

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய ஓப்ராத் நெனாதிச் அவர்களின் சமுகத்துக்கு, திமிஷ்வாரா டிராம் அலுவலகத்தில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற ஸ்லாவ்கோ மிலான்கோவ் தலை குனிந்து எழுதிக்கொள்வது.

தாங்களும், தங்கள் துணைவியார் மில்யானா அவர்களும், தங்கள் மகன் லாசாரும், புது மருமகள் தூனியாவும், தூனியாவின் வயிற்றில் இருக்கும் அந்தச் சின்ன உயிரும் ஆண்டவர் அருளால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். என் வீட்டுக்காரி தெசாங்காவும் நலம்தான், இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை என்பதைத் தவிரக் குறையொன்றும் இல்லை. வேளை தவறாமல் சூப் மேஜைக்கு வந்துவிடுகிறது. உப்புதான் வருவதில்லை.

நாம் இருவரும் ஐம்பது வருடமாக ஒருவரையொருவர் "டேய்" என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். இப்போது "தாங்கள்" என்று எழுதும்போது இடது கால் பூட்ஸை வலது காலில் மாட்டிக்கொண்டதுபோல் எனக்கே இருக்கிறது. ஆனாலும் நான் செய்த காரியத்துக்குப் பிறகு "டேய்" என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நவம்பர் மாதம், கிறிஸ்து பிறப்பு நோன்புக்கு முந்தின கடைசி ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, தங்கள் மகனின் திருமணத்தில் ஞானத்தகப்பனாக மணமக்களுக்குப் பின்னால் மெழுகுவத்தியோடு நிற்க வேண்டியவன் நான். ஞானத்தகப்பன் இல்லாமல் நம் கோவிலில் கல்யாணம் நடக்காது. அன்று தவறினால் நோன்பு முடிந்து ஜனவரியில்தான் மறுபடி நடத்துவார்கள். தூனியாவின் வயிறோ ஜனவரி வரை காத்திருக்கிற வயிறு இல்லை. இத்தனையும் தெரிந்தவன்தான், மோதிரங்களையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அன்று மதியம் இரண்டு மணிக்குக் கோவிலில் இல்லாமல் போனேன். ஏன் என்று இதுவரை நான் ஒருவருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் கேட்கிறவர்கள் பாதியிலேயே இருமத் தொடங்கிவிடுகிறார்கள்.

இப்போது எழுதுவதற்குக் காரணம், இங்கே காதில் விழும் ஒரு பேச்சு. அன்றைக்கு என் இடத்தில் நின்ற என் மைத்துனன் கோஸ்தாவே இனி உங்கள் குடும்பத்துக்கு ஞானத்தகப்பன் என்றும், பிறக்கப் போகும் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கும் அவனே வந்து நின்று பெயர் வைக்கப் போகிறான் என்றும் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். ஓப்ராத் அவர்களே, என் தாத்தா உங்கள் தாத்தாவின் கல்யாணத்துக்குப் பனிச்சறுக்கு வண்டியில் இரண்டு நாள் பயணம் செய்து வந்து நின்றார். என் அப்பா, எல்லையை இறுக்கி மூடியிருந்த காலத்தில், ஒரு கூடை ஆப்பிளைக் காவலர்களுக்குக் காட்டி, சந்தைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லி, உங்கள் அப்பாவின் கல்யாணத்துக்கு வந்து நின்றார். உன் கல்யாணத்துக்கு நான் வந்தேனே, ரயிலில், நின்றுகொண்டே, ஞாபகம் இருக்கிறதா? (உங்கள் என்று படிக்கவும்.) மூன்று தலைமுறை உறவு இது. அது ஒரு கணினித் திரையில் வந்த ஒற்றை வரியால் அறுந்துபோவது நியாயமா என்பதை என் தரப்பையும் கேட்டுவிட்டுத் தாங்கள் முடிவு செய்ய வேண்டும்.

நடந்தது இதுதான். இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. ஐரோப்பாவில் இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் போதும், நடுவில் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கண் இமைப்பதற்குள் சொல்லிவிடும். நான் எங்கள் ஊர் திமிஷ்வாரா என்றும் எல்லைக்கு அப்பால் உங்கள் ஊர் பெல்கிரேடு என்றும் கொடுத்தேன். தூரம் 121 கிலோமீட்டர், விமானப் பயண நேரம் 39 நிமிடம் என்று வந்தது. வாழ்நாள் முழுதும் நான்காம் எண் டிராமுக்கு ஏழு நிமிடமா எட்டு நிமிடமா என்று சண்டை போட்டவன் நான். முப்பத்தொன்பது என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிடும். நாற்பது என்று சொல்லியிருந்தால்கூடச் சந்தேகப்பட்டிருப்பேன். அதோடு, உங்கள் ஊர்க் கடிகாரம் எங்கள் ஊரைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறதா, அதனால் இங்கே பத்து மணிக்குக் கிளம்பினால் அங்கே ஒன்பது முப்பத்தொன்பதுக்குப் போய் இறங்கிவிடலாம். கிளம்புவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்வது! முப்பத்து நான்கு வருடத்தில் எந்த டிராமாலும் முடியாத காரியம். அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கோஸ்தா வந்திருந்தான். தெசாங்காவின் தம்பியைத் தாங்கள் அறிவீர்கள். திமிஷ்வாராவுக்கும் பெல்கிரேடுக்கும் நடுவே வாரம் மூன்று நடை வேன் ஓட்டுகிறவன், மீசைக்காரன்.

"அத்தான், சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு வண்டி எடுக்குறேன்" என்றான். "நடுவுல எல்லையில ஒரு காப்பி. மூணு மணி நேரத்துல பெல்கிரேடு. உங்களுக்கு முன்சீட்டு போட்டு வெச்சிருக்கேன்."

"மூணு மணி நேரமா? முப்பத்தொன்பது நிமிஷத்துல போற ஊருக்கு?"

"யாரு சொன்னா?"

நான் எழுந்துபோய் அச்சடித்து வைத்திருந்த தாளைக் கொண்டுவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக, வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டுச் சொன்னான்: "அத்தான், இது காக்கா போற தூரம். நீங்க காக்கா இல்லியே."

தெசாங்கா சிரித்தாள். அவள் மட்டும் அன்றைக்குச் சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

மறுநாள் டிக்கெட் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "பெல்கிரேடுக்கு நேரா விமானம் கிடையாதுங்களே. மியூனிக் போய் மாறணும்" என்றாள்.

"மியூனிக் மேற்குல இருக்கும்மா. பெல்கிரேடு தெற்குல இருக்கு."

"விமானமும் மேற்குலதாங்க போகுது. போடட்டுமா, வேண்டாமா?"

அந்த இடத்தில், ஓப்ராத், புத்தியுள்ளவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பான். நான் போடச் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில் தாளை எடுத்து வைத்துப் பேசியாயிற்று, இனி வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து காக்கா காக்கா என்று மூன்று மணி நேரம் கேட்டுக்கொண்டு வருவதா? வீட்டில் "நடுவுல ஒரு சின்ன நிறுத்தம்" என்று மட்டும் சொன்னேன். எந்த ஊரில் என்று சொல்லவில்லை. கால அட்டவணைக்காரன் என்ற முறையில் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தான் வைத்திருந்தேன்: ஞாயிறு காலை ஆறுக்குப் புறப்பாடு, மியூனிக்கில் இரண்டு மணி நேரம், உங்கள் கடிகாரப்படி பத்தரைக்குப் பெல்கிரேடு, கல்யாணம் இரண்டுக்கு. மூன்றரை மணி நேரம் கையிருப்பு! ஒரு டிராமுக்கு மூன்றரை மணி நேரக் கையிருப்பு கொடுத்தால் அது நடந்தே போய்விடும்.

தெசாங்கா சனிக்கிழமை தன் தம்பியோடு வேனில் போனாள். மூன்று மணி நேரத்தில் உங்கள் வீட்டில் உட்கார்ந்து உங்களோடு மதியச் சாப்பாடும் சாப்பிட்டாள். ஞானத்தாய்க்கான மெழுகுவத்தியை அவள் எடுத்துக்கொண்டாள். என்னுடையதை நான் வைத்துக்கொண்டேன். ஒரு மீட்டர் நீளம், தேன்மெழுகு, வெள்ளை ரிப்பன் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் விமானத்தில் ஏறும் வாசலில், அங்கே ஒரு கம்பிக் கூண்டு இருக்கிறதே, நம்முடைய சாமான் அதற்குள் அடங்க வேண்டுமாம், மெழுகுவத்தி அதில் பாதிதான் அடங்கியது. வாசலில் நின்ற பெண் ரொம்ப மரியாதையாகவே பேசினாள்.

"ஐயா, இதை ரெண்டா உடைச்சுட்டா உள்ளே போயிடும்."

"உடைஞ்ச மெழுகுவத்தியை வெச்சுக் கல்யாணம் பண்ணினா குடும்பம் ரெண்டாகும்மா."

"அப்போ காசு கட்டிச் சாமானோட கீழே போடணும். கைத்தடியா இருந்தா மட்டும் கையோட இலவசமா கொண்டு போகலாம்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நான் ரிப்பனை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு, மெழுகுவத்தியைத் தரையில் ஊன்றி, இடது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்து உள்ளே போனேன். அவள் திரும்பிக்கொண்டாள். நல்ல பெண், அவளுக்கு நல்ல இடத்தில் அமைய வேண்டும். ஆனால் அதன் பிறகுதான் வினை. மியூனிக்கில் விமானத்தின் படியில் நான் மெழுகுவத்தியை ஊன்றி இறங்குவதை ஒரு பணியாளர் அம்மாள் பார்த்துவிட்டு, என் கால் வலியைத் தன் கால் வலியாக நினைத்து, எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேண்டாம் என்று எழுந்து நடந்தால் கைத்தடியின் குட்டு வெளிப்பட்டுவிடும். உட்கார்ந்தேன். முழங்காலுக்கு மேல் ஒரு கம்பளி போர்த்தினார்கள். ஒரு அறையில் கொண்டுபோய், என்னைவிட உண்மையாக நோயாளிகளாக இருந்த ஆறு பேருக்கு நடுவில் நிறுத்திவைத்தார்கள். இரண்டு மணி நேரம் நான் கால் மேல் கால் போடாமல், ஒரு காப்பிக்குக்கூட எழுந்து போக முடியாமல், கையில் மெழுகுவத்தியோடு, முகத்தைக் கொஞ்சம் நொந்தாற்போல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "தைரியமா இருங்க, காலம் ஆத்தும்" என்று ஜெர்மனில் சொன்னார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, வெட்கத்தால்.

பெல்கிரேடு விமானம் நேரத்துக்குப் புறப்பட்டது. என் பக்கத்தில் உங்கள் ஊர் அம்மாள் ஒருவர், மடியில் கேக் பெட்டியோடு. பத்தரைக்கு இறங்க வேண்டும். பத்தரை ஆயிற்று, பத்தே முக்கால் ஆயிற்று, ஜன்னலுக்கு வெளியே பால் சட்டிக்குள் விழுந்ததுபோல் மூடுபனி. விமானம் வட்டம் போட்டது. எனக்குக் கீழே எங்கேயோ நீங்கள் எல்லோரும் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆறு வட்டம் வரை எண்ணினேன். பிறகு விமானியின் குரல் கேட்டது: பெல்கிரேடில் இறங்க வழியில்லை, பக்கத்திலேயே பனி விலகியிருக்கிற வேறு ஒரு ஊருக்குப் போகிறோம், பயணிகள் மன்னிக்க வேண்டும், அந்த ஊரின் பெயர் திமிஷ்வாரா.

கேக் அம்மாள் என் பக்கம் திரும்பி, "அது எந்தக் காட்டுல இருக்கு?" என்றார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம், விடவில்லை. விமானம் வட்டத்தை விட்டுத் திரும்பிய கணத்திலிருந்து திமிஷ்வாராவில் சக்கரம் தரையைத் தொட்ட கணம் வரை முப்பத்தொன்பது நிமிடம். ஓப்ராத், அந்த இணையப் பக்கம் பொய் சொல்லவில்லை. சொன்னது சொன்னபடி முப்பத்தொன்பது நிமிடம்தான். திசைதான் மாறிவிட்டது. காலையிலிருந்து நான் பறந்த தூரம் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். கடந்த தூரம் பூஜ்யம்.

சக்கர நாற்காலிக்காரர்கள் கடைசியில்தான் இறங்க வேண்டும் என்பது விதியாம். எல்லோரும் போன பிறகு என்னை இறக்க வந்தவன் பெத்ரு. பதினொன்றாம் எண் டிராம் ஓட்டிக்கொண்டிருந்தானே, ஓய்வு பெற்ற பிறகு விமான நிலையத்தில் சேர்ந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"ஸ்லாவ்கோ சார்! காலையில ஓடி வந்து வரிசையில முதல் ஆளா நின்னீங்களே! மியூனிக்ல என்ன சார் பண்ணிட்டாங்க உங்களை?"

"பேசாம தள்ளு, பெத்ரு" என்றேன்.

வெளியே வரும்போது உங்கள் கடிகாரப்படி பதினொன்றே முக்கால். தெசாங்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் தாங்கள் யாரையோ நாற்காலி கொண்டுவரச் சொல்லிக் கத்துவது கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"வீட்டுக்குப் பக்கத்துலதான்."

"வந்துட்டீங்களா! ஓப்ராத் வீட்டுக்கா, கோவிலுக்கா?"

"நம்ம வீட்டுக்குப் பக்கத்துல."

அவள் போனைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டாள். முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் கடைசி வார்த்தையை அவள் எனக்கு விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. பிறகு கோஸ்தாவின் குரல் வந்தது. சிரிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அத்தான், நல்லா கேளுங்க. வாசல்ல டாக்சி நிக்கும். இப்பவே ஏறிடுங்க. ரோடு காலியா இருக்கு, மூணு மணி நேரத்துல வந்துடலாம். மூணு மணி வரைக்கும் நான் பாதிரியாரைப் பிடிச்சு வெக்கிறேன்."

இதுவரை நான் எழுதிய எல்லாவற்றுக்கும் மூடுபனியைக் குற்றம் சொல்லலாம், கம்பிக் கூண்டைக் குற்றம் சொல்லலாம். இனி எழுதுவதற்கு யாரையும் சொல்ல முடியாது. டாக்சி நின்றது. கண்ணால் பார்த்தேன். ஓட்டுநர் கதவில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பத்து அடி நடந்து ஏறியிருந்தால் மூன்று மணிக்கு உங்களுக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். ஆனால் சாலை வழியாக வந்தால் சாலையை ஒப்புக்கொண்டதாகிவிடும். "விமானக் கம்பெனிக்காரங்க அரை மணியில பஸ் விடுறாங்களாம். அவங்க பொறுப்பு அது" என்றேன். கோஸ்தா, "அத்தான், உங்க கால்ல விழறேன்" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். இதைத்தான் ஓப்ராத் நான் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. மூடுபனியால் நான் வராமல் போகவில்லை. என் திமிரால் வராமல் போனேன்.

அரை மணி என்பது இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒருவழியாகப் பஸ் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு, ஊருக்குள் புகுந்து, ஷாக் சாலையில் எங்கள் குடியிருப்புக்கு முன்னால் சிவப்பு விளக்கில் நின்றது. மூன்றாம் மாடி பால்கனியில் நான் விடியற்காலையில் காயப்போட்ட பைஜாமா தொங்கியது. இன்னும் ஈரம் காயவில்லை. கேக் அம்மாள் அதைப் பார்த்து, "யாரோ ஒருத்தன் நிம்மதியா வீட்டுல இருக்கான்" என்றார். கோஸ்தா வாரம் மூன்று நடை போகிற அதே சாலை, அதே எல்லை, அதே காப்பிக் கடை. எல்லையில் உங்கள் நாட்டு அதிகாரி என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கிருந்து வர்றீங்க?"

"திமிஷ்வாரா."

"எப்போ கிளம்பினீங்க?"

"காலையில ஆறு மணிக்கு."

"மணி மூணாகப் போகுது. வழியில என்ன ஆச்சு?"

"மியூனிக் வழியா வந்தேன்."

அவர் உள்ளே போய் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, என்னைக் காட்டினார். மூவரும் என்னைப் பார்த்தார்கள். அட்டையை மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

கோவிலுக்கு வந்தபோது ஐந்து மணி. கதவு திறந்திருந்தது, உள்ளே ஆளில்லை. அணைத்த மெழுகுவத்தி வாசனை. கோவில் பணியாளர் தரையில் கிடந்த கோதுமையையும் பூவையும் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"கல்யாணம்?" என்று கேட்டேன்.

"மூணரை வரைக்கும் பார்த்தாங்க. அப்புறம் நடத்திட்டாங்க."

"ஞானத்தகப்பன் இல்லாமலா?"

"இருந்தாரே. மீசைக்காரர். வண்டிச் சாவியைக் கையில பிடிச்சுக்கிட்டே நின்னார்." என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "நீங்க மெழுகுவத்தி விக்கிறவரா?" என்றார்.

அந்தக் கோவில் படியில் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் நடந்தது தங்களுக்கே தெரியும். நான் வாசலில் வந்து நின்றதும் எக்காளங்கள் நின்றன. ஒருவர் இருமினார். மில்யானா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். தாங்கள் வந்து என்னைக் கட்டிக்கொண்டபோது தங்கள் தோள் குலுங்கியது. நீ அழுததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மோதிரங்கள் என் கோட்டுப் பையில் இருந்ததால், கோஸ்தாவின் வேன் ஜன்னல் திரையிலிருந்து இரண்டு பித்தளை வளையத்தைக் கழற்றி மணமக்களுக்குப் போட்டார்கள் என்பதைத் தூனியாவே கையை நீட்டிக் காட்டினாள். நான் தங்க மோதிரத்தைக் கொடுத்தேன். விரல் வீங்கியிருந்தது, கணுவைத் தாண்டவில்லை. "பரவாயில்ல மாமா, இதுதான் எனக்குச் சரியா இருக்கு" என்றாள். அந்தப் பெண் அதை நல்ல மனதோடுதான் சொன்னாள், அது இன்னும் வலித்தது. கோஸ்தா ஞானத்தகப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து, "வாங்கத்தான், உக்காருங்க" என்றான். உட்கார எனக்கு என்ன யோக்கியதை? எக்காளம் ஊதுகிறவர்களின் மேஜையில் ஓரமாக உட்கார்ந்து, கல்யாண முட்டைக்கோஸ் சாப்பிட்டேன். பிரமாதமாக இருந்தது. அதைப் பாராட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை, இப்போது பாராட்டுகிறேன்.

திரும்பும் டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்ததால் மறுநாள் மியூனிக் வழியாகவே வீடு வந்தேன். அதைப் பற்றி எழுத இந்தத் தாள் போதாது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கல்யாணம் போனது போனதுதான், கோஸ்தா நின்றுவிட்டான், அதை மாற்ற முடியாது. மாற்றவும் வேண்டாம், அவன் நல்லவன். என்னைவிட நல்லவன் என்று எழுத இன்னும் ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். ஆனால் குழந்தையின் ஞானஸ்நானத்தை மட்டும் எங்கள் குடும்பத்துக்கே விட்டுக்கொடுங்கள். எந்தத் தேதி என்றாலும் சரி, கோஸ்தாவின் வேனில், முன்சீட்டு இல்லாவிட்டால் பின்சீட்டில், அதுவும் இல்லாவிட்டால் சாமான்களின் மேல் உட்கார்ந்து, முதல் நாளே வந்து உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன். இனி என் ஆயுளில் இணையத்தில் எந்த ஊருக்கும் எந்த ஊரிலிருந்தும் தூரம் பார்க்க மாட்டேன். இது என் தாத்தாவின் மேல் ஆணை.

தூனியாவுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும். பிறக்கிற பிள்ளை ஆணோ பெண்ணோ, உங்கள் வீட்டுப் பொறுமையோடும் எங்கள் வீட்டு நேரந்தவறாமையோடும் (அது எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் இருந்தது) வளர வேண்டும். மில்யானா அவர்களுக்கு என் வணக்கம். லாசாருக்கு என் ஆசி, அவன் அதை ஏற்றுக்கொள்வதாக இருந்தால்.

மன்னிப்பை எதிர்பார்த்துக் கிடக்கும்,
ஸ்லாவ்கோ மிலான்கோவ்

பின்குறிப்பு: தபால் நிலையத்தில் விசாரித்ததில், பெல்கிரேடுக்குக் கடிதம் போய்ச் சேரப் பன்னிரண்டு வேலை நாட்கள் ஆகும் என்றார்கள். அதனால் இதைக் கோஸ்தாவிடம் கொடுத்தே அனுப்புகிறேன். உறையின் நான்கு பக்கமும் பசை தடவியிருக்கிறேன். பிரித்துப் படிக்கிற ஆள் அவன். இன்னொன்று, இது தகவலுக்காக மட்டும்: இன்று காலை தற்செயலாகக் கண்ணில் பட்டது, வியன்னா வழியாகப் போனால் மியூனிக்கைவிட இருபது நிமிடம் மிச்சம்.

(கடிதத்தின் பின்பக்கம், பென்சிலில், வேறு கையெழுத்தில்)

ஓப்ராத் அண்ணே, நான் கோஸ்தா. எல்லையில ரெண்டு மணி நேரம் வரிசை. பிளாஸ்க்ல காப்பி இருந்துச்சு, காப்பியில ஆவி இருந்துச்சு, பசை தானா விட்டுக்கிச்சு. முழுசும் படிச்சுட்டேன்.

நீங்களும் நானும் பாதிரியார்கிட்டப் பேசி, நான் அத்தானுக்குப் பதிலா நிக்கிறேன்னு சொல்லி, பதிவேட்டுல ஞானத்தகப்பன் "ஸ்லாவ்கோ மிலான்கோவ்"னு எழுதினது மண்டபத்துல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், எக்காளக்காரங்க உட்பட. அவருக்கு மட்டும்தான் தெரியாது. டாக்சி விஷயத்தை அவர் வாயாலேயே ஒத்துக்கிற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு அக்கா எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினா. இதுல ஒத்துக்கிட்டார். அந்த இடத்தைப் படிக்கிறப்போ பின்னாடி நின்ன லாரிக்காரன் ஹாரன் அடிச்சும் எனக்கு வண்டியை நகர்த்தத் தோணலை. இனிமேலும் அவரை இப்படி வெச்சிருக்கக் கூடாது அண்ணே. இதைப் படிச்ச உடனே போன் பண்ணிச் சொல்லிடுங்க. நீங்க சொன்னாதான் மரியாதை.

அந்த ஞானத்தகப்பன் வேலை எனக்கு ஒத்தும் வராது. கல்யாணத்தன்னிக்குப் பாதிரியார் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளைகளுக்கு வாழ்நாளெல்லாம் வழி காட்டத் தயாரா?"ன்னு கேட்டார். நான் பதட்டத்துல, "வெர்ஷாட்ஸ் ஊர் வரைக்கும் ரோடு நல்லாயிருக்குங்க, அதுக்கப்புறம் குழி"ன்னு சொல்லிட்டேன். அத்தான் நின்னிருந்தா அழகா ஏதாவது சொல்லியிருப்பார். அவரையே வெச்சுக்குங்க.